கடைசி பல்புக்கும் அதே கரண்ட்டுதான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், 24 வருஷம் ஆயிருச்சு. எங்க அப்பா விவசாயி, அவரு காலத்துலேருந்தே எங்க வீட்டுக்கு உங்க பேப்பர்தான், மேட்டூர்ல எத்தனை அடி தண்ணி இருக்குன்னு பாத்துட்டுத்தான் காலையில காபிய கையில எடுப்பாரு. நான் ரிசல்ட் வந்த மறுநாள் எந்தப் பாடத்துல எத்தனை பேரு சென்டம்னு நீங்க கட்டம் கட்டிப் போடுறதத்தான் முதல்ல பாப்பேன். பிசிக்ஸுக்கு நேரா இருக்குற நம்பர் கூடியிருந்தா சந்தோஷமாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த நம்பர் காட்டாத ஒண்ணு இருக்கு, அத யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கணும்.

சில வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு நல்ல பேட்ச் அமைஞ்சது. பிளஸ் டூவுல மின்னோட்டவியல் பாடம் முடிச்சு டெஸ்ட்டும் வச்சாச்சு, கிர்க்காஃப் விதி (ஒரு எடத்துக்குள்ள வர்ற மின்னோட்டமும் வெளிய போறதும் சமம்னு சொல்றது), வீட்ஸ்டோன் சமனச்சுற்று எல்லாம் அஞ்சு மார்க் கேள்விக்கு படத்தோட தப்பில்லாம எழுதியிருந்தாங்க. மறுநாள் நான் டார்ச் பல்பு அஞ்ச எடுத்துட்டுப் போனேன் (இப்ப எல்லாம் எல்இடி ஆயிட்டதால அந்தப் பழைய இழை பல்பு கெடைக்குறதே பாடு, தஞ்சாவூர் கீழவாசல்ல ஒரு பழைய கடையில சொல்லி வச்சு வாங்குனேன், எல்இடி இதுக்கு ஒத்து வராது). மேஜையில மூணு சர்க்யூட். ஒண்ணுல ஒரு பல்பு மட்டும், ஒண்ணுல ரெண்டு பல்பு தொடர் இணைப்புல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா), இன்னொண்ணுல ரெண்டு பல்பு பக்க இணைப்புல (ஒவ்வொண்ணும் தனித்தனியா பேட்டரியோட சேந்து). எல்லாம் ஒரே மாதிரி பல்பு, ஒரே மாதிரி புது பேட்டரி. சுவிட்ச்ச போடல. போட்டா எது எது எவ்வளவு பிரகாசமா எரியும், வரிசைப்படுத்தி எழுதுங்கன்னேன். கணக்கு கெடையாது, ஃபார்முலா வேணாம், வரிசை மட்டும் போதும்.

சரியா எழுதுனது வகுப்புல ரொம்பக் கொஞ்சம் பேரு. நல்லா மார்க் வாங்குற பிள்ளைங்களும் தப்பாத்தான் எழுதியிருந்தாங்க, அதுலயும் தொடர் இணைப்புல இருக்குற ரெண்டு பல்புல முதல் பல்பு நல்லா எரியும், ரெண்டாவது மங்கலா எரியும்னு எழுதுனவங்கதான் அதிகம். ஏன்னு கேட்டேன். யாரும் வாய் தொறக்கல, தப்புன்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாங்க. நான் திட்ட மாட்டேன், எனக்கு தெரிஞ்சுக்கணும், சொல்லுங்கன்னு ரெண்டு மூணு தடவை கெஞ்சுனதுக்கப்புறம் தலைஞாயிறு பக்கத்துலேருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு பொண்ணு எந்திரிச்சா. "டீச்சர், மேல உள்ளவங்க எடுத்துக்கிட்டது போவ மிச்சந்தான டீச்சர் கடைமடைக்கு வரும்?"

ஐயா, நான் அப்படியே நின்னுட்டேன். அந்தப் பொண்ணுக்கு மின்னோட்டம்னா வாய்க்கால்ல ஓடுற தண்ணி. ஜூன் 12ல மேட்டூர்ல தொறந்தாலும் கல்லணை வந்து, வெண்ணாத்துல பிரிஞ்சு, தலைப்பு தலைப்பா இறங்கி, அவங்க ஊரு வயலுக்கு வரும்போது என்ன மிச்சம் இருக்குங்கறத பொறந்ததுலேருந்து பாத்து வளந்தவ. மேல் மடைக்காரன் பாய்ச்சிக்கிட்டா கீழ் மடைக்கு குறையும், இது அவளோட சொந்த அனுபவம், கண்ணால கண்டது. நான் ரெண்டு மாசமா போர்டுல எழுதிப்போட்ட கிர்க்காஃப் விதி இந்த அனுபவத்துகிட்ட கூட போகல, அது பாட்டுக்கு நோட்டுல இருந்துச்சு, கடைமடை பாட்டுக்கு அவ மனசுல இருந்துச்சு, பரீட்சைக்கு நோட்டுல இருந்தது போதுமானதா இருந்துச்சு. தப்பு அவ மேல இல்ல. அவ நினைக்கிறது என்னன்னு அத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

அன்னைக்கு அந்த பீரியட் பூரா அதுலயே போச்சு. அவ சொன்ன வாய்க்கால வச்சே பேசுனோம். சரிம்மா, வயலுக்குப் பாயுற மடை வேண்டாம், நடுவுல வாய்க்காலுக்கு குறுக்க ஷட்டர் இருக்கே, மேல் பக்கத்துலேருந்து கீழ் பக்கத்துக்கு தண்ணி விழுதே, அந்த ஷட்டருக்குள்ள போற தண்ணி எவ்வளவு, வெளிய வர்ற தண்ணி எவ்வளவு? அதேதான் டீச்சர். அப்ப என்ன குறைஞ்சுது? ஒரு பையன் யோசிச்சு, "ஒசரம்"னான். அதேதாண்டா, பல்புங்கறது வயல் இல்ல, ஷட்டர். கரண்ட்ட அது குடிச்சுடல, உள்ள போனது வெளிய வந்துருது, குறையுறது ஒசரம், அந்த ஒசரத்துக்குத்தான் நம்ம வோல்டேஜ்னு பேரு வச்சிருக்கோம், கீழ வந்த தண்ணிய திரும்பத் தூக்கி மேல விடுற மோட்டாருதான் பேட்டரின்னு வந்து முடிஞ்சுது. அப்புறம்தான் சுவிட்ச்ச போட்டேன். ரெண்டு பல்பும் ஒண்ணா, மங்கலா எரிஞ்சுது. எடம் மாத்திப் போட்டுக் காட்டுங்கன்னாங்க, மாத்திப் போட்டேன். பக்க இணைப்புல ரெண்டும் தனி பல்பு மாதிரியே பளிச்சுன்னு எரிஞ்சுது. அந்தப் பொண்ணு கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னா.

அதுக்கப்புறம்தான் நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். இதே அஞ்சு பல்பு கேள்விய அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல லில்லியன் மெக்டெர்மாட்டுங்கற அம்மாவோட குழு ஆயிரம் பேருக்கு மேல கேட்டுப் பாத்திருக்காங்க, பாடம் நடத்தி முடிச்சதுக்கப்புறம்தான், பல்கலைக்கழக மாணவங்ககிட்டதான். சரியா சொன்னது சுமார் 15 சதவீதம். அவங்களுக்கு கடைமடை தெரியாது, ஆனா கரண்ட்டு வழியில செலவாகுதுங்கற அதே நெனப்புதான் அங்கயும். முதல்ல எனக்கு ஒரு ஆறுதல், நம்ம பிள்ளைங்க மட்டும் இல்லன்னு. ரெண்டு நாள் கழிச்சு அந்த ஆறுதலே பயமா மாறிருச்சு, ஏன்னா சொல்லிக்குடுக்குற முறையிலதான கோளாறுன்னு அதுக்கு அர்த்தம்.

ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு பேராசிரியர். 1984லேருந்து பாடம் எடுக்குறாரு, நல்ல வாத்தியார்னு பேரு, மாணவங்களும் நல்லா கணக்கு போடுறாங்க. ஒரு நாள் ஃபார்முலா இல்லாம வெறும் கருத்தை மட்டும் சோதிக்கிற ஒரு தாளைக் குடுத்திருக்காரு. அதுல ஒரு மாணவி கேட்டாளாம், இத எப்படி எழுதணும், நீங்க சொல்லிக்குடுத்தபடியா, இல்ல நான் நெசமா நினைக்கிறபடியான்னு. இதைப் படிச்சப்ப எனக்கு தலைஞாயிறு பொண்ணு ஞாபகம்தான் வந்துச்சு. அந்தப் பிள்ளை ஒளிக்காம கேட்டுருச்சு, நம்ம பிள்ளைங்க கேக்குறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். மசூர் 1991லேருந்து லெக்சர் அடிக்கிறத விட்டுட்டு ஒரு முறைய கொண்டு வந்தாரு. கொஞ்ச நேரம் பேசுவாரு, ஒரு கேள்வி போடுவாரு, ஆளாளுக்கு தனியா யோசிச்சு பதில் காட்டணும், பதில் ரெண்டு மூணா பிரிஞ்சு கெடந்தா பக்கத்துல வேற பதில் சொன்னவனோட பேசி அவன நம்ப வைக்கணும், அப்புறம் திரும்ப பதில் காட்டணும். ஒருத்தனுக்கு ஒருத்தன் வாத்தியார். நேத்து புரிஞ்சவனுக்கு தனக்கு எங்க புரியாம இருந்துச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கும், அதனால அவன் சொல்றது பக்கத்துல இருக்குறவனுக்கு ஏறும், எனக்கு புரிஞ்சு முப்பது வருஷம் ஆச்சு, எனக்கு அந்த முடிச்சே மறந்து போச்சு.

மசூர் குடுத்த அந்தக் கருத்துத் தாள் அவரா எழுதிக்கிட்டது இல்ல. 1992ல டேவிட் ஹெஸ்டெனிஸ்ங்கற பேராசிரியரும் மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹேமர்னு ரெண்டு பேரும் சேந்து விசை பத்தி ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாங்க, அதுக்கு முன்னாடி 1985லயே அந்த மாதிரி ஒண்ணு வந்துருக்கு, மசூர் முதல்ல குடுத்தது அந்தப் பழைய தாளைத்தான். வெல்ஸும் ஸ்வாக்ஹேமரும் என்னை மாதிரி பள்ளிக்கூட வாத்தியாருங்க, அத படிச்சப்ப ஒரு பெருமை. அந்தத் தாளு முழுக்க நாலஞ்சு விடையில ஒண்ண தேர்ந்தெடுக்குற கேள்விதான், நம்ம ஒரு மார்க் கேள்வி மாதிரி. ஆனா ஒரு பெரிய வித்தியாசம். நம்ம ஒரு மார்க் கேள்வியில தப்பான விடை எப்படி வரும்? ரெண்டால வகுக்க மறந்தா வர்ற விடை, வர்க்கம் போட மறந்தா வர்ற விடை. அவங்க தாள்ல தப்பான விடை ஒவ்வொண்ணும் பிள்ளைங்க உண்மையிலேயே நம்புற விடை, நூத்துக்கணக்கான பிள்ளைங்க வாயிலேருந்து வந்தது. அதனால ஒரு பிள்ளை எந்தத் தப்பை எடுத்துச்சுன்னு பாத்தாலே அது மனசுல என்ன ஓடுதுன்னு டீச்சருக்கு தெரிஞ்சுரும். நம்ம பிளஸ் டூ தாள்ல 70 மார்க்குல 15 மார்க் ஒரு மார்க் கேள்வி. அதுல நாலஞ்ச இந்த மாதிரி எடுத்தா போதும், மொத்த வகுப்பறையும் மாறும்னு நான் நம்புறேன்.

இது யாரோ ரெண்டு மூணு ஆர்வக்கோளாறு வாத்தியாருங்க செஞ்சதுன்னு நினைச்சுடக்கூடாது. ரிச்சர்ட் ஹேக்னு ஒருத்தரு 1998ல 62 வகுப்பு, 6,542 மாணவங்களோட மார்க்க சேத்து வச்சுப் பாத்தாரு, பள்ளிக்கூடமும் உண்டு, காலேஜும் உண்டு. பாடத்துக்கு முன்னாடி ஒரு டெஸ்ட், முடிஞ்சதும் ஒரு டெஸ்ட், முன்னாடி தெரியாம இருந்ததுல எத்தனை பங்கு பின்னாடி தெரிஞ்சிருக்குங்கறதுதான் கணக்கு. சும்மா உக்காந்து கேட்ட 14 வகுப்புல சராசரி 0.23. கேட்டு, பேசி, செஞ்சு படிச்ச 48 வகுப்புல 0.48. ரெண்டு மடங்குக்கும் மேல. இதுல என் கண்ணுல பட்டது 0.23தான். முழுப் பாடமும் நடத்தி முடிச்சும் தெரியாததுல நாலுல ஒரு பங்கு கூட தேறல. என் குரலு நல்லாருக்கும், போர்டு எழுத்து அழகா இருக்கும், எல்லாரும் சொல்வாங்க, ஆனா குரலாலயும் எழுத்தாலயும் ஆகுற காரியம் இல்ல இது.

சரி, செஞ்சு காட்டிட்டா போதுமான்னு கேப்பாங்க. அதுவும் போதாதுங்க. மசூரோட குழுவே 2004ல ஒண்ணு எழுதுனாங்க. பரிசோதனைய சும்மா வேடிக்கை பாத்த பிள்ளைங்களுக்கும் அதப் பாக்காத பிள்ளைங்களுக்கும் புரிதல்ல பெரிய வித்தியாசம் இல்லையாம், என்ன நடக்கும்னு முன்கூட்டியே ஊகிச்சு எழுதிட்டுப் பாத்தவங்களுக்குத்தான் மனசுல நின்னுருக்கு. என் அனுபவமும் இதேதான். முன்னெல்லாம் வருஷா வருஷம் சர்க்யூட்ட எரிய வச்சுக் காட்டியிருக்கேன், "சூப்பர் டீச்சர்"னு கை தட்டிட்டுப் போயிடுவாங்க. பந்தயம் கட்டுனவன் பாக்குற பார்வையும் வழிப்போக்கன் பாக்குற பார்வையும் ஒண்ணாகுமா?

இப்ப நான் செய்யிறத சொல்றேன், இதுல ஒரு பைசா செலவு கெடையாது. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி நாலு நாலா கட்டி, ஒண்ணுல அ, ஒண்ணுல ஆ, இ, ஈன்னு எழுதி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டு குடுத்துட்டேன். கேள்வியச் சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, மூணு எண்ணுனதும் எல்லாரும் ஒண்ணா அட்டைய நெஞ்சுக்கு நேரா புடிக்கணும், பின்னாடி உள்ளவனுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். இதுக்கு வெளிநாட்டுல பட்டன் வச்ச மெஷின் இருக்கு, ஆனா மெஷினுக்கும் அட்டைக்கும் படிப்புல வித்தியாசம் இல்லன்னு அங்கயே ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க, அதனால மெஷின் வந்தாத்தான் ஆச்சுன்னு யாரும் காத்திருக்க வேண்டாம். பாதிக்குப் பாதி பிரிஞ்சா அன்னைக்கு பாடம் களைகட்டும். டேய் எப்புடிடா, ஏன்டி அப்புடின்னு ஒரே சத்தம், அந்த ரெண்டு நிமிஷ சத்தத்த கேக்கணுமே.

திருவாரூர்லேருந்து வர்ற பிள்ளைங்க இருக்குற வகுப்புல ஆழித்தேர் கேள்விய கட்டாயம் கேப்பேன். 96 அடி தேரு, சுமார் 300 டன், வீதியில ஒரே சீரான வேகத்துல நேரா போய்க்கிட்டு இருக்கு. வடம் புடிக்கிறவங்க இழுக்குற விசை பெருசா, பின்னாடி இழுக்குற உராய்வு பெருசா, ரெண்டும் சமமா? வகுப்பே ஒரு மொகமா "இழுக்குறதுதான் பெருசு"ன்னு அட்டைய தூக்கும். பெருசா இல்லன்னா எப்படி டீச்சர் நகரும்? நியூட்டனோட முதல் விதிய பத்தாம் வகுப்புலேருந்து மனப்பாடமா சொல்ற பிள்ளைங்கதான். ஒரு தடவை ஒரு பையன் மட்டும் "சமம்"னு தூக்குனான், அவங்க மாமா முட்டுக்கட்டை போடுற ஆளு. ஏன்டான்னேன். "வடத்த தொங்க விட்டாலும் தேர் வரும் டீச்சர், உடனே நிக்காது, அதுக்குத்தான கட்டையே போடுறோம், போடலன்னா ஆள் மேல ஏறிடும்"னான். அப்ப வடம் தொங்கும்போது தேரை யாருடா முன்னாடி இழுக்குறாங்க? வகுப்பு அமைதியாயிருச்சு. யாரும் இழுக்கல. போறது தானா போவுது, நிறுத்துறதுக்குத்தான் ஆள் வேணும். அப்படியே போகவிடாம உராய்வு புடிச்சு இழுக்குது, அந்த உராய்வை சரிக்கட்ட எவ்வளவு வேணுமோ அவ்வளவு இழுத்தா சீரா போவும், அதுக்கு மேல இழுத்தா வேகம் கூடிக்கிட்டே போவும். கெளப்புறதுக்குத்தான் அதிகம் வேணும், அதான் பின்னாடி புல்டோசர வச்சுத் தள்ளுறாங்க. உடனே ஸ்பிரிங் பேலன்ஸ்ல ஒரு மரக்கட்டைய மாட்டி மேஜையில இழுக்கச் சொன்னேன். அசையுற நிமிஷம் வரைக்கும் முள்ளு ஏறுது, அசைஞ்சதும் பொசுக்குன்னு எறங்கி ஒரே எடத்துல நிக்குது. தேர்தான் டீச்சர்னு கத்துனாங்க. நியூட்டனுக்கு முன்னாடியே முட்டுக்கட்டைக்காரங்களுக்கு இது கைப்பழக்கத்துல தெரியும், நம்ம பாடப்புத்தகத்துக்குள்ள மட்டும் இன்னும் ஒரு தேரும் ஓடல.

அதே மாதிரி நெல் மூட்டை ஏத்துன லாரியும் ஒரு மொபெட்டும் மோதுனா எது மேல எது அதிக விசைய செலுத்தும்னு கேட்டா லாரிதான்னு சொல்வாங்க, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுங்கற நியூட்டனோட மூணாவது விதிய ஒப்பிச்சுட்டே சொல்வாங்க. ரெண்டு ஸ்பிரிங் பேலன்ஸ கோத்து ஒரு பக்கம் கபடி டீம் பையன், இன்னொரு பக்கம் வகுப்புலயே ஒல்லியான பொண்ணு. ரெண்டு முள்ளும் ஒரே எடத்துல. பேலன்ஸ் ரிப்பேரு டீச்சர்னு மாத்தி மாத்திப் புடிச்சுப் பாத்தாங்க. கருவி தப்புன்னு சொல்ற அளவுக்கு அவங்க நம்பிக்கை கெட்டியா இருக்கு பாருங்க, அத வெறும் வாயால அசைக்க முடியுமா?

மொழியும் ஒரு காரணம்ங்க, இத யாரும் பேசுறதில்ல. நம்ம ஊர்ல மோட்டார்ல தண்ணி ஃபோர்ஸா வருதும்போம், பந்து ஃபோர்ஸா வந்துச்சும்போம், அங்க ஃபோர்ஸுன்னா வேகமும் உந்தமும் கலந்த ஏதோ ஒண்ணு, பந்து தனக்குள்ள தூக்கிட்டு வர்ற ஒரு சரக்கு. கரண்ட்டுன்னா மின்னோட்டம், மின்சாரம், ஈபி லைன் எல்லாமே. வெயிட்டுன்னா நிறையும் அதுதான், எடையும் அதுதான். இந்த வார்த்தையோட வாழ்ற பிள்ளைகிட்ட விசை, உந்தம், மின்னழுத்த வேறுபாடுன்னு புது வார்த்தைய குடுத்துட்டா பழைய அர்த்தம் அழிஞ்சுடாது. பிள்ளைய அதோட சொந்தப் பேச்சுல பேச விட்டாத்தான் எந்த வார்த்தையில சிக்கியிருக்குன்னு காது கேக்கும்.

எதிர்ப்பு இல்லாம இல்ல. போர்ஷன் முடியாதுன்னு சொல்றாங்க, உண்மைதான், எனக்கும் மொத வருஷம் இழுத்துச்சு, அப்புறம் புத்தகத்துல படிச்சா புரியுற பகுதிய வீட்டுல படிச்சுட்டு வரச் சொல்லிட்டு வகுப்பு நேரத்த சிக்கலான எடத்துக்கு வச்சுக்கிட்டேன், சரியா வருது. ஒரு தடவை பார்வையிட வந்த ஒரு அதிகாரி, வகுப்புல என்ன இவ்வளவு சத்தம், கட்டுப்பாடு இல்லன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டுப் போனாரு, ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. ஆனா என்னை ரொம்ப வருத்துனது பிள்ளைங்களே வந்து, டீச்சர் நீங்க முன்ன மாதிரி நடத்துங்க, அப்பத்தான் புரியுற மாதிரி இருக்குன்னு சொன்னதுதான். பெத்தவங்களும், டியூஷன்ல சார் நல்லா நடத்துறாரு, ஸ்கூல்ல டீச்சர் பிள்ளைங்களயே பேச விடுறாங்கன்னு. விட்டுடலாமான்னு கூட நினைச்சேன். அப்பத்தான் ஹார்வர்டுல 2019ல வந்த ஒரு ஆய்வு கண்ணுல பட்டுச்சு. ஒரே பாடத்த ஒரு கூட்டத்துக்கு தெளிவான லெக்சரா குடுத்திருக்காங்க, இன்னொரு கூட்டத்துக்கு தாங்களே போட்டுப் பாத்து பேசிப் படிக்கிற மாதிரி குடுத்திருக்காங்க. டெஸ்ட்டுல அதிகம் எடுத்தது ரெண்டாவது கூட்டம். ஆனா நான் நிறைய கத்துக்கிட்டேன்னு சொன்னது லெக்சர் கேட்ட கூட்டம். அழகா நடத்துறத கேக்கும்போது புரிஞ்ச மாதிரி இருக்கும், தானே மல்லுக்கட்டும்போது புரியாத மாதிரி இருக்கும், நெசம் தலைகீழ். இத நான் பிள்ளைங்ககிட்டயே கதையா சொல்லிட்டேன், பெற்றோர் கூட்டத்துலயும் சொன்னேன். சைக்கிள் ஓட்டுறவனப் பாத்தா ஈஸியாத்தான தெரியும், ஏறி உக்காந்தா தெரியும்லன்னு ஒரு அப்பா அவரே எந்திரிச்சு மத்தவங்களுக்குச் சொன்னாரு, அதுக்கப்புறம் அந்தப் பேச்சு குறைஞ்சுது.

நம்ம நாட்டுல இது நடக்காததும் இல்ல. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 1972ல 16 பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சாங்க, கிராமத்துப் பிள்ளைங்க தானே செஞ்சு பாத்து தானே முடிவுக்கு வர்ற மாதிரி அறிவியல் பாடம். அவங்க செஞ்ச பெரிய காரியம் பரீட்சையையும் சேத்து மாத்துனதுதான், புத்தகத்த தொறந்து வச்சுக்கிட்டே எழுதலாம், செய்முறையும் உண்டு. முப்பது வருஷம் நடந்துச்சு, 2002ல அரசாங்கம் நிறுத்திருச்சு. நம்ம தமிழ்நாட்டுல சின்ன வகுப்புக்கு செயல்வழிக் கற்றல் வந்துச்சு, ஆறுலேருந்து எட்டு வரைக்கும் 2022 நவம்பர்ல திருச்சியில தொடங்குன வானவில் மன்றம் இருக்கு, நல்ல விஷயம், அங்கேருந்து வர்ற பிள்ளைங்க கூச்சமில்லாம கேள்வி கேக்குறத நான் பாக்குறேன். ஆனா பதினொன்னாம் வகுப்பு வாசப்படிய மிதிச்சதும் எல்லாம் நின்னுருது. அங்கேருந்து மெட்டீரியல், ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், நீட்டு. செய்முறைத் தேர்வுன்னு 20 மார்க் இருக்கு, அதுக்கு ரெகார்ட் நோட்டு போன வருஷத்து அண்ணன்கிட்டேருந்து வரும், தனி ஊசல ஆட்டி புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற சோதனைய போட்டா வகுப்பு மொத்தத்துக்கும் 9.8 வரும், ஒருத்தனுக்கு நெசமா 9.5 வந்திருந்தா அவன் அழிச்சுட்டு 9.8னு எழுதுவான். ஐயா, அந்த 9.5தான் பிசிக்ஸ். ஏன் 9.5 வந்துச்சு, நூல அளந்ததுல தப்பா, ஊசல ரொம்ப அகலமா ஆட்டிட்டானா, அலைவ எண்ணுனதுல தப்பான்னு அவன் பேசுனா அதுக்குத்தான் மார்க் குடுக்கணும்.

வசதி இல்லன்னும் சொல்ல முடியாது. நோபல் பரிசு வாங்குன கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்ச ஃபெட் சிமுலேஷன் (கம்ப்யூட்டர்லயே சோதனைய செஞ்சு பாக்குறது) இலவசமா கெடைக்குது, சிலது தமிழ்லயும் இருக்கு, ஹைடெக் லேப்புல போட்டுக் காட்டலாம். அதுல சர்க்யூட் கட்டுனா கம்பிக்குள்ள புள்ளி புள்ளியா எலக்ட்ரான் ஓடும், பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல. கடைமடைக்காரங்க அத பத்து நிமிஷம் கண்ணெடுக்காம பாப்பாங்க. ஆனா இங்கயும் ஊகிக்க விட்டுட்டுத்தான் பிளே பட்டன அழுத்தணும், இல்லன்னா அதுவும் ஒரு வீடியோதான்.

இனிமே உங்ககிட்ட கேக்க வந்தது. அரசாங்கத்துக்கு நான் சொல்ல வேண்டியத தனியா எழுதியிருக்கேன், ஒரு மார்க் கேள்வியில குறைஞ்சது அஞ்சு கேள்வி பிள்ளைங்களோட நெனப்ப சோதிக்கிறதா இருக்கணும், ஆசிரியர் பயிற்சியில எங்களையும் பெஞ்சுல உக்கார வச்சு அட்டைய தூக்க வைக்கணும், எங்களுக்கும் தப்பு வரும், வரட்டும்னு. உங்ககிட்ட கேக்குறது சின்னது. பரீட்சை நேரத்துல பிளஸ் டூ பிள்ளைங்களுக்காக மாதிரி வினாத்தாள், முக்கிய வினான்னு பக்கம் பக்கமா போடுறீங்க, எங்க பிள்ளைங்க அத வெட்டி ஒட்டி வச்சுக்குறாங்க. அந்தப் பக்கத்துல ஒரு ஓரத்துல வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி, ஃபார்முலா இல்லாத கேள்வி, நம்ம ஊரு சாமானத்த வச்சு. பதிலை அன்னைக்கே கீழ தலைகீழா அச்சடிச்சுட வேணாம். ஒரு வாரம் வீட்டுலயும் டீக்கடையிலயும் பஸ்ஸுலயும் அடிச்சுக்கட்டும். அடுத்த வாரம் சரியான பதிலோட, பிள்ளைங்க எழுதி அனுப்புன தப்பான காரணத்துல நல்லதா ரெண்டையும் மரியாதையா போடுங்க, பேரு வேணாம். வாரா வாரம் கேள்வி எழுதித் தர நான் தயார், எனக்கு பணம் வேண்டாம், இந்தப் பக்கத்துல இன்னும் நாலஞ்சு டீச்சருங்களும் தயாரா இருக்காங்க.

முதல் கேள்விய இதோடயே அனுப்புறேன்.

மன்னார்குடி ஹரித்ரா நதி தெப்பக்குளத்துல ஒரு பரிசல் மிதக்குது. அதுக்குள்ள ஒரு பெரிய கருங்கல்லு இருக்கு. பரிசல்ல இருக்குறவரு அந்தக் கல்லத் தூக்கி குளத்துக்குள்ள போட்டுட்டாரு, கல்லு அடியில போய் உக்காந்துருச்சு. குளத்துத் தண்ணியோட மட்டம் முன்ன விட ஏறுமா, எறங்குமா, அப்படியேதான் இருக்குமா? அவ்வளவு பெரிய குளத்துல கண்ணுக்குத் தெரியாது, அதனால வீட்டுல ஒரு குண்டான் தண்ணி, ஒரு சின்னக் கிண்ணம், ஒரு கல்லு வச்சுப் பாக்கலாம், ஆனா பாக்குறதுக்கு முன்னாடி பதிலையும் காரணத்தையும் ஒரு தாள்ல எழுதி வச்சுட்டுத்தான் பாக்கணும்.

பதிலை தனிக் கவர்ல ஒட்டி இதோட வச்சிருக்கேன். நீங்களும் எழுதி வச்சுட்டுப் பிரிங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் டீச்சர்,
நீடாமங்கலம் பக்கம், திருவாரூர் மாவட்டம்.